மூட்டைப்பூச்சியா, வேறு பூச்சியா? தடிப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை வீடுகளில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமிருக்காது. கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலை போகிறவர்கள் கூட்டம். லாட்ஜ், மண்டபம், ரயில், பஸ் என்று ஊர் சுற்றிய பைகள் கடைசியில் நம் கட்டிலடியில் வந்து உட்காருகின்றன. மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வருவதும் அப்படித்தான். அதற்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. பெரும்பாலும் யாராவது சுமந்து வந்தால்தான் உண்டு. ஆகவே 'பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் வீட்டில் எப்படி வந்தது?' என்று குழம்ப வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ரத்தம், அழுக்கு இல்லை. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் மறைக்கிற வீட்டில்தான் அது நிதானமாகப் பெருகுகிறது.

பெரும்பாலோர் முதலில் சறுக்குவது தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில். "வரிசையா மூணு தடிப்பு இருக்கு, மூட்டையேதான்" என்பார்கள். வரிசையாகவும் இருக்கலாம், சிதறியும் இருக்கலாம். ஒரே கட்டிலில் படுக்கிற அண்ணன் மைனியில், மைனிக்குக் கை முழுக்கத் தடிப்பு, அண்ணனுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் நடக்கும். கடித்தது இருவரையும்தான், ஒருவர் உடம்பு மட்டும் காட்டிக்கொடுக்கிறது. சிலருக்குத் தடிப்பு எழ 14 நாள்கூட ஆகும். அதற்குள் எந்த லாட்ஜில் தங்கினோம் என்பதே மறந்திருக்கும். கொசுக்கடி, சிரங்கு, வேர்க்குரு எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்பதால், கடியை மட்டும் வைத்து டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூட்டைக்கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாகத் தெரியவில்லை. அரிப்பும் தூக்கக்கேடும்தான் தொல்லை.

மேற்கே தென்மலை, புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் வேறொரு குழப்பம். கோடை மழை விழுந்ததும் முப்ளி வண்டு (ஓட்டெருமை என்பார்கள்) ஆயிரக்கணக்கில் வீட்டுக்குள் ஏறிவிடும். கூரையில் குவிந்து, படுக்கையிலும் விழும். உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று வளர்கிற வண்டு அது, ரத்தம் குடிக்காது. நசுக்கினால் வருகிற நீர் பட்டுத் தோல் பொள்ளும், அவ்வளவுதான். காலையில் கழுத்தில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மெத்தையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பாவம், மெத்தை!

அடுத்த தவறு தேடுகிற இடத்தில். நள்ளிரவில் லைட்டைப் போட்டுப் போர்வையை உதறினால் ஒன்றும் அகப்படாது. ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு அது இடுக்குக்குள் போயிருக்கும். பகலில் தேடுங்கள், தலைமாட்டிலிருந்து தொடங்குங்கள். மெத்தை ஓரத்துத் தையல் மடிப்பை விரலால் விரித்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு கட்டில் பொருத்து, திருகாணி ஓட்டை, சட்டத்தின் அடிப்பக்கம். பழைய பலாமரக் கட்டிலில் செதுக்குவேலை இருந்தால் அந்தப் பள்ளம் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு வீடு. பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். கொசுவலை முடிச்சு, சுவர்க் காலண்டரின் பின்பக்கம், சுவிட்ச் பெட்டி ஆகியவற்றையும் விடாதீர்கள்.

வளர்ந்த பூச்சி காணப்பயறு போலத் தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் 5 மில்லிமீட்டர் இருக்கும். ரத்தம் குடித்ததும் நீண்டு உப்பிவிடும். அதை மட்டும் தேடினால் ஏமாறுவீர்கள். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளை, மரத்தோடு ஒட்டியிருக்கும். குஞ்சு வெளிறி, குடிக்கும்வரை கண்ணிலேயே படாது. ஐந்து முறை தோலுரித்துத்தான் அது வளர்கிறது. அந்தக் காலிச் சட்டைகள் தையலோரத்தில் கிடக்கும். எல்லாவற்றையும்விட நம்பத்தகுந்தது கரும்புள்ளி. பேனா மை ஊறினாற்போல் துணியில் இருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்தால் செம்பழுப்பாக இழுகும். அது செரித்துக் கழித்த நம் ரத்தம்.

இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறார்கள். மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் வைத்து ஆளைத் தேடுகிற பூச்சி அது. மெல்ல அங்கேயும் வரும், அப்புறம் இரண்டு அறைக்கும் சேர்த்துப் பாடுபட வேண்டும். பட்டினி போட்டுக் கொல்லலாம் என்பதும் நடக்காது, மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மெத்தையைத் தெருவில் போட்டால் யாராவது எடுத்துப் போவார்கள், கிழித்துவிட்டுப் போடுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் உயிருக்கே ஆபத்தான தவறு நடக்கிறது. நெல், அரிசி மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, அதே வீட்டில் படுக்கிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது. நம் நாட்டில் இப்படிக் குடும்பத்தோடு இறந்திருக்கிறார்கள். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் தீ வைக்கும். புகைகிற டப்பா மருந்து இடுக்குக்குள் போகாது, பூச்சியைச் சிதறடிக்கத்தான் உதவும். அந்துருண்டையை நம்பிப் பயனில்லை. ஸ்பிரேயும் பல இடங்களில் வேலை செய்வதில்லை. டி.டி.டி. (DDT) என்ற பூச்சிமருந்துக்கு அசையாத மூட்டைப்பூச்சிகள் 1947-லேயே ஹவாயில் தென்பட்டன. இன்றைய மருந்துகளுக்கும் அதே கதைதான்.

சூடு நிச்சயமாகக் கொல்லும். ஆனால் 50 டிகிரிக்கு மேல், உள்வரை ஏற வேண்டும். ஆனி ஆடிச் சாரலில் துணியே காயாத ஊரில் மெத்தையை மாடியில் போட்டு என்ன பயன்? நல்ல வெயிலிலும் மேல்பக்கம் சுட்டால் பூச்சி கீழ்ப்பக்கம் இறங்கிவிடும். துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கட்டில் பொருத்துகளில் கொதிநீரை ஊற்றிய நம் ஆச்சிமார் சரியாகத்தான் செய்தார்கள்.

ஆளைக் கூப்பிட்டு மருந்தடித்தால் ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள். முட்டைகள் தப்பித்து ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் படாமல் செருகி, கால்களின் கீழே கிண்ணம் வைத்து உள்பக்கம் டால்கம் பவுடர் பூசுங்கள். நம் ஊர்களில் அதிகம் இருக்கும் வெப்பமண்டல இனம் வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஏறிவிடும், பவுடர் இருந்தால் வழுக்கும். கடி நின்றுவிட்டது என்று உடனே கிண்ணத்தை எடுத்துவிடாமல், ஓரிரு மாதம் வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள்.