புதுப்புள்ளி எல்லாம் சுப்பர்நோவா அல்ல

கன்னி ராசியில், சித்திரை நட்சத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவில் எம்61 என்ற சுருள் விண்மீன் மண்டலம் இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டு. 1926 முதல் 2020 வரை எட்டு சுப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்கள்) அதில் அகப்பட்டிருக்கின்றன. நுவரெலியாவும் ஹட்டனும் பண்டாரவளையும் வடக்கே 7 பாகையில் இருக்கின்றன. எம்61 இருப்பது விண்நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு, நான்கரைப் பாகை வடக்கே. அதனால் மார்ச் கடைசியில் நள்ளிரவுக்கு அது மலையகத்தின் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் தெளிவு. இத்தனை வசதி இருந்தும் அதில் தோன்றும் சுப்பர்நோவாவைக் கைநழுவவிடுகிறோம் என்றால், காரணம் பெரும்பாலும் இவைதான்.

முதலாவது, தொலைநோக்கித் தாங்கியின் அச்சை வான்துருவத்துக்கு நேராக்கத் துருவ நட்சத்திரத்தை நம்பி உட்காருவது. இங்கே அது 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். எதிர் மலை, சவுக்கு மரம், மூடுபனி ஏதாவதொன்று மறைத்துவிடும். நகர்வு முறையே கைகொடுக்கும். உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), விண்நடுக்கோட்டுக்கு அருகில் ஒரு நட்சத்திரத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்குவானில் தாழ்வாக உள்ள ஒன்றைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. இந்த அகலக்கோட்டில் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே இருப்பதால், எதிர்எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். ஒற்றைக்காலைத் தெற்கே திருப்பி, இரு கால்களின் இடைவெளியை வடக்கே விடுங்கள். ஈரப் புல்தரையில் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல்லோ பலகைத்துண்டோ வேண்டும்.

மேல்கீழ், இடம்வலம் மட்டும் திரும்பும் தாங்கி வைத்திருப்போர், எம்61 நேர் உச்சியில் இருக்கையில் படமெடுக்கக் கூடாது. அங்கே தாங்கி பின்தொடரத் திணறும், படமும் வேகமாகச் சுழலும். உச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கிழக்கே 68 பாகை உயரத்தில் பிடித்தால் சுழற்சி மிகக் குறைவு.

பனித்துளி படிந்த வில்லையைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறும். வில்லையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குப் பனிக்கூடு (வில்லைக்கு முன்னே நீளும் குழாய்) போடுங்கள். வேலை முடிந்ததும் வெளியிலேயே மூடியைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

நீண்ட ஒளியேற்றமும் கெடுதல். ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் மையம் வெளுத்துப்போய், அதை ஒட்டிய புள்ளி அதற்குள் கரைந்துவிடும். எம்100 என்ற இன்னொரு மண்டலத்தில் 2020 ஜனவரியில் வெடித்த 2020ஓஐ என்ற சுப்பர்நோவா மையத்துக்கு மிக அருகில்தான் இருந்தது. 8 அங்குலத் தொலைநோக்கிக்கு 60 விநாடி வீதம் 20 அல்லது 30 படங்கள் எடுத்து அடுக்குங்கள். கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பதும் பிழை. 2014இல் எம்61இல் தோன்றியது கண்டுபிடிக்கும்போது 13.6 ஒளிப்பருமன். (எண் கூடக்கூட மங்கல்.) 8 அங்குலக் கருவியில், நல்ல இருட்டில், அது விளிம்புநிலைதான்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது: படத்தில் ஒரு புதுப்புள்ளி தெரிகிறது. உடனே நம்பாதீர்கள். தவறுக்கு அங்கே நான்கு வாசல் உண்டு. ஒன்று, கமராவின் சூடான படப்புள்ளி. ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்தினால், நட்சத்திரம் இடம் மாறும், பழுது அதே இடத்தில் நிற்கும். இரண்டு, நம் பால்வீதியைச் சேர்ந்த, எம்61க்கு முன்னே நிற்கும் நட்சத்திரம். மூன்று, சுருள்கரங்களில் உள்ள ஐதரசன் முகில் முடிச்சு, சிறு கருவியில் அதுவும் புள்ளிதான். இவ்விரண்டையும் பழைய படத்தோடு ஒப்பிட்டாலே தெரியும், அதிலும் அதே கருவியில், அதே வடிகட்டியில் நீங்களே முன்பு எடுத்த படம் சிறந்தது. அதனால் வெடிப்பு எதுவும் இல்லாத இரவிலும் எம்61ஐ எடுத்து வையுங்கள்.

நான்காவதுதான் அதிகம் ஏமாற்றும்: சிறுகோள். எம்61 சூரியப்பாதையிலிருந்து 6 பாகை தள்ளித்தான் இருக்கிறது, சிறுகோள்கள் அடிக்கடி குறுக்கிடும். மார்ச்சில் அவை மணிக்கு ஏறத்தாழ 30 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) நகரும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். புள்ளி நகர்ந்திருந்தால் சுப்பர்நோவா இல்லை. நகராவிட்டாலும் சிறுகோள் மையத்தின் இணையத்தளத்தில் சோதித்து, மறுநாள் இரவும் எடுங்கள்.

ஒரு படத்தோடு நிறுத்துவதும் இழப்பு. 2020 மே 6இல் எம்61இல் கண்டுபிடிக்கப்பட்ட 2020ஜேஎஃப்ஓ, ஒளி ஒரே மட்டத்தில் தங்கும் வகை. அவ்வகைக்கு வழக்கமாக 100 நாள், இதற்கோ ஏறத்தாழ 60 நாள்தான். இது தெரியவந்தது தொடர் அளவீட்டால். மே மாதத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை கவிந்தாலும், ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில், வானம் இடைக்கிடை திறக்கும்.

கடைசியாக நேரம். அறிக்கையில் எழுத வேண்டியது உலக நேரம். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழியுங்கள், அதிகாலை 5.30க்கு முன் என்றால் திகதியும் மாறும் என்பதை மறக்காதீர்கள். மார்ச் 27 அதிகாலை 2.10 என்பது உலக நேரத்தில் மார்ச் 26, 20.40. அறிவிக்கும் முன் அதே ஆள்கூற்றில் ஏற்கெனவே பதிவு உண்டா என்று பாருங்கள். நிறமாலை எடுத்து வகை உறுதியாகும் வரை அதற்கு 'ஏடி' (AT, வானில் தோன்றி மறையும் ஒன்று) என்ற முன்னொட்டுத்தான், 'எஸ்என்' (SN, சுப்பர்நோவா) பிறகுதான் வரும்.