அலமாரியில் தூங்கும் ஹார்டு டிஸ்க்கை டிவிக்குக் கொண்டுவருவது எப்படி? கோடி மீடியா சென்டர், முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க் பல வருடம் கிடந்தது. அம்மா அப்பாவின் கல்யாண கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோ, தங்கையின் வளைகாப்பு, பாட்டி எங்களோடு இருந்த கடைசிப் பொங்கல், காசு கொடுத்து வாங்கிய பழைய டிவிடிகளின் நகல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆனால் யாரும் பார்க்கவில்லை. லேப்டாப்பை எடுக்க வேண்டும், ஒயரைத் தேட வேண்டும், டிவியில் மாட்ட வேண்டும். அதற்குள் அப்பா "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று எழுந்து போய்விடுவார். இப்போது டிவி ரிமோட்டில் நாலு பட்டனை அழுத்தி அவரே போட்டுக்கொள்கிறார்.

அதை எப்படிச் செய்தேன் என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. மென்பொருளை நிறுவ அரை மணி நேரம் போதும். கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பதில்தான் நிஜமான வேலை இருக்கிறது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.

கோடி என்பது என்ன

2002-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் வீடியோ பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர், சுருக்கமாக எக்ஸ்பிஎம்சி என்று பெயர் பெற்று, 2014-ல் கோடி ஆனது. இன்றும் லாப நோக்கில்லாத ஓர் அமைப்பின் கீழ் தன்னார்வலர்கள்தான் இதை வளர்க்கிறார்கள். இலவசம், கட்டற்ற மென்பொருள்.

கோடியை நிறுவியதும் அதில் ஒரு படமும் இருக்காது, ஒரு சேனலும் இருக்காது. நம்மிடம் இருப்பதை அழகாக அடுக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. "எல்லாப் படமும் இலவசம்" என்று சொல்லி, கோடியில் ஏதேதோ ஆட்-ஆன்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன நிரல்களை) ஏற்றி விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். அந்தப் படங்கள் திருட்டுப் படங்கள். அப்படிப்பட்ட ஆட்-ஆன்களை ஏற்றிய பெட்டியை விற்பதே காப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. முகம் தெரியாதவர் எழுதிய ஆட்-ஆனை ஏற்றுவது, வீட்டு நெட்வொர்க்கின் கதவை அவருக்குத் திறந்துவிடுவதற்குச் சமம்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ மாதிரியான சந்தாச் சேவைகளை டிவியிலோ ஸ்டிக்கிலோ இருக்கும் அவர்களுடைய ஆப்பிலேயே பாருங்கள். நகலெடுப்பைத் தடுக்க அவை வைத்திருக்கும் பூட்டு முறை, ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி மாதிரியான கருவிகளுக்கு முழுத் தரத்தைத் திறந்துவிடாது. கோடியை உங்கள் சொந்தச் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தேவையான பொருட்கள்

உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி என்றால் எதுவும் வாங்க வேண்டாம். பிளே ஸ்டோரில் கோடியைத் தேடி நிறுவிவிட்டு, நேராக நான்காம் படிக்குப் போய்விடுங்கள்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை ராஸ்பெர்ரி பை 4 (இனி சுருக்கமாகப் 'பை'). இரண்டு ஜிபி ரேம் உள்ளது போதும். பை 5 இன்னும் வேகமானதுதான். ஆனால் பழைய வீடியோக்களில் அதிகம் இருக்கும் ஹெச்.264 வகையைப் பிரித்துக் காட்டும் தனி வன்பொருள் அதில் கிடையாது, பிராசஸர்தான் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும். பை 4-ல் ஹெச்.264, ஹெச்.265 இரண்டுக்கும் வன்பொருள் உதவி உண்டு. வரவேற்பறைக்கு அதுவே போதும்.

கூடவே 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, உலோக உறை ஒன்று, மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று. கடையில் சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கொடுத்துவிடுவார்கள். பை 4-ன் துளை சின்னது, பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் பவர் அடாப்டர். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முதலில் நான் வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜரைத்தான் மாட்டினேன். படம் ஓடும்போது திரையின் மூலையில் மின்னல் குறி வந்து வந்து போனது. மூன்றாம் நாள் பாதிப் படத்தில் டிஸ்க் துண்டித்துக்கொண்டது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். உண்மையில் பைக்குப் போகும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த மின்னல் குறி வரும். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் யூஎஸ்பி-சி அடாப்டரை, ராஸ்பெர்ரி பைக்கென்றே விற்பதைப் பார்த்து வாங்கி மாட்டினேன். அதோடு தொல்லை தீர்ந்தது.

பை 4-ன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். கையடக்க ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தாங்கும். இரண்டு டிஸ்க் என்றால் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32 ஆக இருந்தால், ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்த பிறகு.

இரண்டாம் படி: கார்டைத் தயார் செய்வது

கோடிக்காகவே உருவாக்கிய சின்ன இயங்குதளம் லிப்ரேஎலெக். பழைய ஓப்பன்எலெக் திட்டத்திலிருந்து 2016-ல் பிரிந்து வந்தது. விண்டோஸ் மாதிரி டெஸ்க்டாப் எதுவும் கிடையாது, பெட்டி உயிர் பெற்றதும் கோடியே முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். உங்கள் பை மாடலைத் தேர்ந்தெடுத்து, இயங்குதளப் பட்டியலில் மீடியா பிளேயர் பிரிவுக்குள் போனால் லிப்ரேஎலெக் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, கார்டையும் காட்டி, எழுதச் சொல்லுங்கள். கார்டில் ஏற்கெனவே இருப்பது முழுக்க அழிந்துவிடும் என்பதால், சரியான கார்டைத்தான் காட்டினீர்களா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

மூன்றாம் படி: டிவியில் மாட்டுவது

கார்டைப் பையில் செருகி, ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, கடைசியாக மின்சாரம் கொடுங்கள். பையில் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகள் உண்டு. பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதையே பயன்படுத்துங்கள்.

முதல்முறை ஓடும்போது பெட்டியின் பெயர், வைஃபை கடவுச்சொல் எல்லாம் கேட்கும். சம்பா என்ற வசதியை வேண்டுமா என்று கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் கணினியில் உட்கார்ந்தபடியே வைஃபை வழியாக இந்தப் பெட்டிக்குக் கோப்புகளை அனுப்பலாம்.

தனி ரிமோட் வேண்டாம். ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளை பைக்குப் போகும். இந்த வசதிக்குப் பொதுப்பெயர் சிஇசி. ஆனால் டிவி கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவியின் செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடி ஆன் செய்யுங்கள். ரிமோட்டின் அம்புக்குறிக்குக் கோடி அசைந்து கொடுத்தால், வீட்டுப் பெரியவர்களும் இதைப் பயன்படுத்துவார்கள் என்று தைரியமாக நம்பலாம்.

நான்காம் படி: பெயர் வைப்பது

கோடி ஒரு படத்தின் போஸ்டர், கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாவற்றையும் டிஎம்டிபி என்ற இணையத் தளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரை வைத்துத்தான் அங்கே தேடும். பெயர் தப்பாக இருந்தால் எங்கேயோ இருக்கும் ஒரு வெளிநாட்டுப் படத்தின் போஸ்டர் வந்து உட்காரும், அல்லது அந்தப் படம் பட்டியலிலேயே வராது.

டிஸ்க்கில் மூன்று ஃபோல்டர் போடுங்கள்: படங்கள், தொடர்கள், குடும்பம். மூன்றும் தனித்தனியாக இருப்பது அவசியம், அடுத்த படியில் காரணம் புரியும்.

படங்களுக்கு: ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர்: படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளிவந்த வருடம். நம் சினிமாவில் வருடம் கட்டாயம் வேண்டும். முப்பது நாற்பது வருடம் முன்பு வந்த படத்தின் தலைப்பையே புதுப்படத்துக்கும் வைப்பது நம் ஊரில் சகஜம். வருடம் இல்லையென்றால் பழைய படத்துக்குப் புதுப் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டல். 'த' என்பதற்கு ஒருவர் 'டி' மட்டும் போடுவார், இன்னொருவர் 'ஹெச்'சும் சேர்ப்பார். 'ழ'வுக்கு 'இஸட்-ஹெச்'சா 'எல்'லா என்று ஆளுக்கொரு வழக்கம். என் சேகரிப்பில் தவறாக வந்த படங்களில் பெரும்பாலானவை இதனால்தான் தவறின. டிஎம்டிபி தளத்துக்கே போய், அங்கே அந்தப் படத்துக்கு என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதை அப்படியே நகலெடுத்து வையுங்கள். அப்படியும் அடம்பிடித்தால், அந்தப் படத்தின் டிஎம்டிபி பக்க முகவரியை ஒரு நோட்பேட் கோப்பில் ஒட்டி, படத்தின் பெயரிலேயே என்எஃப்ஓ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் சேமியுங்கள். கோடி அதைப் படித்து, தேடாமல் நேராக அந்தப் பக்கத்துக்கே போகும்.

தொடர்களுக்கு: தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சீசன் 01, சீசன் 02. ஒவ்வொரு கோப்பிலும் எந்த சீசன், எந்த எபிசோடு என்பது ஆங்கில எழுத்தில் 'எஸ்01இ05' என்ற வடிவில் இருக்க வேண்டும்.

சப்டைட்டில் இருந்தால் படத்தின் பெயரையே அதற்கும் வையுங்கள். தமிழ் சப்டைட்டிலை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துகள் குப்பையாக வரும்.

ஐந்தாம் படி: கோடியில் சேர்ப்பது

டிஸ்க்கைப் பையில் (ஆண்ட்ராய்டு டிவி என்றால் டிவியிலேயே) மாட்டுங்கள். வீடியோஸ், பிறகு ஃபைல்ஸ், பிறகு ஆட் வீடியோஸ், பிறகு பிரவுஸ் என்று போய் முதலில் படங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். உள்ளே இருப்பது என்ன வகை என்று கேட்கும். மூவீஸ் என்று சொல்லுங்கள். தகவல் தரும் இடமாக டிஎம்டிபியைத் தேர்ந்தெடுங்கள். அதன் செட்டிங்ஸில் விருப்ப மொழியாகத் தமிழை வைத்தால், தமிழில் எழுதப்பட்ட கதைச் சுருக்கம் இருக்கும் படங்களுக்கு அது வரும். தொடர்களுக்கும் இதே வழி, வகை மட்டும் டிவி ஷோஸ்.

குடும்பம் ஃபோல்டரைச் சேர்க்கும்போது வகையை 'நன்' (None, அதாவது எதுவும் இல்லை) என்று வையுங்கள். பாட்டியின் பொங்கலை இணையத்தில் தேடச் சொல்லக் கூடாது அல்லவா? இந்த வீடியோக்கள் நூலகத்தில் வராது, ஃபைல்ஸ் வழியாகத்தான் திறக்கும். அம்மா அப்பாவுக்கு அது சுற்றுவழி. அதனால் அந்த ஃபோல்டரின் மேல் ஓகே பட்டனை நீளமாக அழுத்தி, வரும் பட்டியலில் ஃபேவரிட்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள். முகப்பிலேயே ஃபேவரிட்ஸ் இருக்கிறது, அங்கிருந்து ஒரே அழுத்தில் போய்விடலாம். ஒவ்வொரு விசேஷத்தின் ஃபோல்டருக்குள்ளும் நல்ல புகைப்படம் ஒன்றை, ஆங்கிலத்தில் 'ஃபோல்டர்' என்றே பெயர் வைத்த ஜேபிஜி கோப்பாகப் போட்டுவையுங்கள். அதுவே அட்டைப்படமாகத் தெரியும். இதற்காகப் பழைய ஆல்பங்களைப் புரட்டி ஒரு முழு மாலையைச் செலவழித்தேன், மனசுக்கு நிறைவான மாலை அது.

ஆறாம் படி: படம் சீராக ஓட

கேமரா மெதுவாக ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகரும் காட்சியில் படம் விட்டு விட்டு இழுக்கிறதா? சினிமா விநாடிக்கு 24 சட்டங்கள். டிவி விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. 24-ஐ 60-ல் சமமாகப் பங்கிட முடியாது. அதனால் ஒரு சட்டம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாகக் காட்டப்படும், அந்த ஏற்றத்தாழ்வைக் கண் பிடித்துவிடும். செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் என்று போய், 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' என்று மாற்றுங்கள். அந்த வரி தெரியவில்லை என்றால், இடது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரக் குறியை அழுத்தி அட்வான்ஸ்டு நிலைக்கு வாருங்கள். இனி படத்துக்கு ஏற்றபடி டிவியே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்து வரும், பயப்பட வேண்டாம்.

கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோவில் இன்னொன்று தெரியும். ஆட்கள் நகரும்போது உடம்பின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வரும். பழைய டிவிகளுக்கான 'பால்' (PAL) முறை வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும், அவை இரண்டும் வெவ்வேறு நொடித்துளியில் எடுத்தவை. வீடியோ ஓடும்போதே பல்சக்கரக் குறியை அழுத்தி, வீடியோ செட்டிங்ஸில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் இருக்கும் முறைகளை மாற்றிப் பாருங்கள். அம்மாவின் கல்யாணப் புடவைக் கரை அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தமிழில் வேண்டுமா

கோடியின் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். வரிசை மட்டும் முக்கியம். செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ், ஸ்கின் என்று போய் எழுத்துருவை முதலில் 'ஏரியல்' என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு ரீஜனல் பகுதியில் மொழியைத் தமிழாக்குங்கள். மொழியை முதலில் மாற்றினால் மெனு முழுக்க வெற்றுக் கட்டங்களாக நிற்கக்கூடும், திரும்பி வர வழி தெரியாமல் திண்டாடுவீர்கள்.

நேரலை டிவி

பிவிஆர் ஐபிடிவி சிம்பிள் கிளையன்ட் என்ற ஆட்-ஆன் கோடியின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் சேனல் முகவரிப் பட்டியலை அதில் கொடுத்தால், முகப்பின் டிவி பகுதியில் சேனல்கள் வரிசையாக வரும். யாரோ வாட்ஸப்பில் அனுப்பும் பட்டியல்கள் வேண்டாம்.

அணைப்பதும் காப்பதும்

மின் சுவிட்சை நேராக அணைக்காதீர்கள். கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு பழுதாகிவிடலாம். கோடி முகப்பின் மேலே உள்ள பவர் குறியை அழுத்தி 'பவர் ஆஃப்' கொடுத்து, கொஞ்சம் பொறுத்து சுவிட்சை அணையுங்கள். அடிக்கடி மின்தடை வரும் ஊர் என்றால், பையை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்த அன்றே, லிப்ரேஎலெக் செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு போனாலும், புதுக் கார்டில் அதே இடத்திலிருந்து மீட்டுவிடலாம். ஆனால் அந்த பேக்கப்பில் இருப்பது கோடியின் அமைப்புகள் மட்டுமே. ஹார்டு டிஸ்க்கில் உள்ள வீடியோக்களுக்குத் தனியாக இன்னொரு டிஸ்க் வேண்டும், அதுவும் வேறொரு வீட்டில் இருந்தால் நல்லது. எங்களுடையது தங்கை வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் போகும்போது அந்த வருடத்து வீடியோக்களையும் அதில் ஏற்றிவிட்டு வருகிறேன்.