தோட்டத்து வீட்டு சோலாரில் டியூபுலர் பேட்டரியை எடுத்து லித்தியம் வைப்பது எப்படி?

லைன் கரண்ட் இல்லாத தோட்டத்து வீடுகளில் சோலார் போட்டு நாலைந்து வருடம் ஆனதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போயிருச்சு, ராத்திரி பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்துது." உடனே பழையதைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிதாகப் புதியது வாங்கி வைக்கிறார்கள். பழையது எதனால் செத்தது என்று பார்க்காமல் இதைச் செய்தால் புதியதும் அதே காரணத்தால்தான் சாகும். ஆஃப்-கிரிட் வீட்டில் லெட் ஆசிட் பேட்டரி (டியூபுலரும் இந்த வகைதான்) வயசாகிப் போவது குறைவு. தினமும் அரைகுறையாக நிரம்பி, தகட்டில் சல்பேட் படிந்து இறுகித்தான் பெரும்பாலும் போகிறது. பேனல் போதாத வீட்டில் பேட்டரியை மட்டும் பெரிதாக்குவது, ஊற்று இல்லாத கிணற்றுக்குப் பெரிய தொட்டி கட்டுவது போல.

இங்கே எடுத்துக்கொள்ளும் வீடு இது: 24 வோல்ட் சிஸ்டம், 2000 வாட் இன்வெர்ட்டர், 1 கிலோவாட் பேனல், 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் நான்கு. இரண்டிரண்டாக சீரிஸ், அந்த இரண்டு வரிசையும் பேரலல். காகிதத்தில் 7.2 யூனிட். பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 3.6.

பழையதைச் சோதிக்காமல் எதுவும் வாங்க வேண்டாம்

நல்ல வெயில் நாளில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பேட்டரிகளைத் தனித்தனியாகக் கழற்றி நான்கு மணி நேரம் சும்மா விடுங்கள். மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் அருகே நின்றால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். அதோடு நிற்காமல் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பாருங்கள். நம் ஊர் டியூபுலரில் நிறைவு பெரும்பாலும் 1.240 சுற்றி இருக்கும். ஐந்து செல் 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.150-ல் மிதந்தால் அந்த செல் போய்விட்டது. அந்தப் பேட்டரி தேறாது. ஆறும் ஒன்றுபோல 1.180-ல் கிடந்தால் குற்றவாளி பேனலோ சார்ஜ் செட்டிங்கோதான். இந்த இரண்டாவது வகையில், டிஸ்டில்டு வாட்டர் அளவைச் சரிபார்த்து ஈக்வலைஸ் சார்ஜ் (வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்ட்டேஜில் ஏற்றுவது) ஒரு முறை முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். சில பேட்டரிகள் திரும்பி வரும். வாங்கும் செலவே ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"நாலில் ஒன்றுதானே போச்சு, ஒன்றை மட்டும் மாற்றலாமா?" ஆறு மாதத்துக்குள் வாங்கிய பேட்டரி வங்கியானால் (சேர்த்துக் கட்டிய பேட்டரித் தொகுதி) மாற்றலாம். அதற்குமேல் வேண்டாம். சீரிஸில் பழையது முதலில் காலியாகி, புதியது ஓடிக்கொண்டிருக்கும்போதே வதைபடும். பேரலலில் சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும். பழைய டியூபுலரோடு லித்தியத்தை நேரே பேரலல் கட்டுவதும் கூடாது. இரண்டும் நிற்கும் வோல்ட்டேஜ் வேறு. லித்தியம் தன் சார்ஜை டியூபுலருக்கு ஊட்டிக்கொண்டே கிடக்கும், டியூபுலருக்கோ முழு சார்ஜ் ஒருநாளும் கிடைக்காது.

கணக்கு

பிஎல்டிசி ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 600 வாட்-அவர். எல்இடி பல்புகள் 270. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் 800. டிவி 180, மிக்ஸி 125, போன் சார்ஜரும் ரவுட்டரும் 150. கூட்டினால் 2125. இதோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. இன்வெர்ட்டர் ஆனில் இருந்தாலே தனக்கென்று 25 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு 600. ஃபேன் இரண்டும் சேர்ந்து தின்பதும் அவ்வளவுதான்! மாற்று இழப்பும் சேர்த்தால் நாளுக்கு 3 யூனிட்.

மூடிய வானம் இரண்டு நாள் தாங்க வேண்டுமானால் 6 யூனிட் கையில் வேண்டும். 25.6 வோல்ட் 150 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் இரண்டு பேரலலில் 7.68 யூனிட், 80 சதவீதம் எடுத்தால் 6.1. சரியாக இருக்கிறது.

இப்போது பேனல். தமிழ்நாட்டில் நல்ல வெயிலில் 1 கிலோவாட் சுமார் 4 யூனிட் தரும். வீடு 3 தின்றால் மிச்சம் 1. காலியான வங்கி நிரம்ப ஆறு வெயில் நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. 1.5 கிலோவாட் ஆக்கினால் மிச்சம் 3. இரண்டே நாளில் நிரம்பும். பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் முதலில் பேனல் வாங்குங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், எம்பிபிடி வகையில் 60 ஆம்பியர் போதும்.

பேனல் சேர்க்கும்போது ஒரு பொறி உண்டு. 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதுவும் இழுக்காதபோது காட்டும் வோல்ட்டேஜ்) சுமார் 49.5. மூன்றை சீரிஸ் போட்டால் 148.5, கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே என்று மாட்டிவிடுகிறார்கள். அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. குளிரக் குளிர பேனலின் வோல்ட்டேஜ் ஏறும். தாளவாடியிலோ ஏற்காட்டிலோ மார்கழிக் காலையில் 15 டிகிரிக்கு இறங்கும்போது மூன்றும் சேர்ந்து 152-ஐத் தாண்டும். வெயில் முதல் கதிர் பட்டதும் கன்ட்ரோலர் எரியும், வாரண்டியும் கிடைக்காது. இரண்டுக்கு மேல் சீரிஸ் வேண்டாம்.

எதற்கு லித்தியம்? எடை குறைவு, ஆயுள் அதிகம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பாதி நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தாலும் அதற்குக் கேடு இல்லை. டியூபுலரைக் கொன்றதே அதுதான் என்றால், இந்த ஒரு காரணம் போதும்.

வாங்க வேண்டியவை

பேக் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் பிஎம்எஸ்ஸும் (பேக்குக்குள் இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட்) 100 ஆம்பியர் தாங்க வேண்டும். 2000 வாட்டை 24 வோல்ட்டில் ஓட்டினால் ஏறக்குறைய 93 ஆம்பியர் இழுக்கும். ஒரு பேக் டிரிப் ஆனால் மற்றது தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். 12 வோல்ட் பேக் இரண்டை சீரிஸ் போடுவதைத் தவிருங்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தி நிரம்பும். கடைசியில் பிஎம்எஸ் பாதியில் அறுக்கும்.

பேட்டரிப் பக்கம் எல்லாமே 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டாதீர்கள். அளவு எடுத்துக்கொண்டு போய் ஹைட்ராலிக் கிரிம்ப் வைத்திருக்கும் கடையில் அமுக்கி வாங்கி வாருங்கள். ஒவ்வொரு பேக்கின் பாசிட்டிவிலும் 125 ஆம்பியர் ப்யூஸ், டிசி-க்கு உரியது, கிளாஸ் டி (Class T) வகை. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். கார் ஸ்டீரியோ ப்யூஸும் வீட்டு ஏசி எம்சிபியும் அந்த நெருப்பை அறுக்காது. கூடவே ஷன்ட் (பாயும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று. லித்தியத்தில் 40 சதவீதத்துக்கும் 80-க்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் மிகச் சொற்பம். வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லவே முடியாது.

மாற்றும் நாள்

மோதிரம், வளையல், வாட்ச் கழற்றுங்கள். ஸ்பானரின் பிடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். லோடு ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப், அடுத்து பேனல் ஐசொலேட்டர் (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப். அதற்குப் பிறகுதான் பேட்டரி. பேனல் ஓடும்போதே பேட்டரியைப் பிடுங்கினால் கன்ட்ரோலர் போகும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில்.

புதிய பேக் இரண்டையும் சேர்ப்பதற்கு முன் தனித்தனியாக நூறு சதவீதம் ஏற்றுங்கள். ஒன்று நிறைந்தும் ஒன்று குறைந்தும் இருக்கும்போது இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாயும் கரண்டில் பிஎம்எஸ் டிரிப் ஆகும். பஸ்பார் (கேபிள்கள் கூடும் உலோகப் பட்டை) வைத்து, இரண்டு பேக்குக்கும் ஒரே நீளக் கேபிள் போடுங்கள். பஸ்பார் இல்லையென்றால் பாசிட்டிவ் முதல் பேக்கிலிருந்தும் நெகட்டிவ் இரண்டாவதிலிருந்தும், குறுக்காக எடுங்கள். ஒரே பேக்கிலிருந்து இரண்டையும் எடுத்தால் அந்த பேக்தான் முதலில் தேயும். நெகட்டிவில் ஷன்ட்; ஷன்ட்டைத் தாண்டி பேட்டரியில் நேராக எதையும் மாட்டக் கூடாது.

இன்வெர்ட்டரை இணைக்கும்போது உள்ளே உள்ள கெபாசிட்டர் ஒரே இழுப்பில் நிரம்பும். பளீரென்று பொறி பறக்கும், பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்துக் கட் ஆகும். 50 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லக்குக்கும் அது மாட்டும் முனைக்கும் நடுவே ஐந்து விநாடி தொட்டுப் பிடித்துவிட்டு உடனே லக்கை மாட்டினால் சத்தமே இருக்காது. கடைசியாகத்தான் பேனல்.

பேக்குகளைத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் ஆயுள் வேகமாகக் குறையும். வீட்டுக்குள் காற்றோட்டமான மூலை போதும்.

செட்டிங்

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கம்பெனி தாளில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால், 24 வோல்ட் பேக்குக்குக் கன்ட்ரோலரில்: பல்க், அப்சார்ப்ஷன் (ஏற்றும் உச்ச வோல்ட்டேஜ்) 28.0 வோல்ட், அரை மணி நேரம், ஃப்ளோட் (நிரம்பிய பின் நிறுத்தி வைக்கும் வோல்ட்டேஜ்) 27.0, ஈக்வலைஸ் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் பூஜ்யம். ஈக்வலைஸை ஆஃப் செய்ய மறந்துவிட்டால் கன்ட்ரோலர் 31 வோல்ட்டுக்கு ஏற்றப் பார்க்கும். பிஎம்எஸ் சட்டென்று அறுக்கும். பேட்டரி காணாமல் போன அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் இன்வெர்ட்டரைக் கொல்லலாம். பிஎம்எஸ் கடைசி அரண் மட்டுமே. தினசரி நிறுத்தம் கன்ட்ரோலரின் வேலை.

இன்வெர்ட்டரின் லோ-கட்டை (பேட்டரி இறங்கியதும் இன்வெர்ட்டர் நிற்கும் வோல்ட்டேஜ்) கட்டாயம் பாருங்கள். டியூபுலருக்கு வந்த இன்வெர்ட்டர்கள் 21 வோல்ட்டில் அறுக்கும். எட்டு செல் லித்தியம் பேக்கில் அது செல்லுக்கு 2.6 வோல்ட், அடிமட்டம். 24-க்கு ஏற்றுங்கள். ஏற்ற வழியில்லையென்றால் பிஎம்எஸ் ஆப்பில் செல்லுக்கு 3.0 என்று வையுங்கள். ஜெனரேட்டர் வைத்துச் சார்ஜ் ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜருக்கும் இதே செட்டிங்தான்.

ஓடவிட்டுப் பாருங்கள்

அயர்ன் பாக்ஸ் போல ஒரு பெரிய லோடு கொடுத்து, கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர் ஓடும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் தொடுங்கள்: ஒரு முனை போல்ட்டில், ஒரு முனை லக்கின் குழலில். எல்லா இடமும் 2, 3 என்று காட்டி ஒன்று மட்டும் 20 காட்டினால் அந்த லக் சரியாக அமுங்கவில்லை, அல்லது போல்ட் இறுகவில்லை. கையால் தொட்டால் இன்று சூடு தெரியாது. ஆறு மாதத்தில் அது கருகும். கிளாம்ப் மீட்டரை இரண்டு பேக்கின் கேபிளிலும் மாறிமாறி மாட்டுங்கள். ஆளுக்குப் பாதி வர வேண்டும். 28-ம் 12-ம் வந்தால் குறைவாகத் தரும் பக்கத்து இணைப்பை முதலில் சந்தேகியுங்கள். ஒரு மாதம் கழித்துப் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வங்கி நூறு தொடட்டும். செல்கள் சமப்படுவதும் மானிட்டரின் கணக்கு நேராவதும் அப்போதுதான்.

கழற்றிய டியூபுலர்களை மூடி இறுக்கி, நிமிர்த்தியே வைத்து, எடை போட்டு எடுக்கும் பேட்டரி கடையில் கொடுங்கள். எடையைக் குறைத்துத் தூக்க எளிதாக இருக்கும் என்று ஆசிட்டை வரப்பில் கொட்டுகிறார்கள். அதில் ஈயம் கலந்திருக்கும். அந்த மண்ணுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் கேடு. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல், இரண்டு பேராகத் தூக்குங்கள்.