பதினெட்டு வயதில் உங்கள் கைக்கு வர வேண்டிய மஞ்சள் கவர்

கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் கிளம்பும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும்போது போர்வை, பக்கெட், ஊறுகாய் வரை மறக்காமல் எடுத்து வைக்கிறோம். அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றிய பதினெட்டு ஆண்டு விவரமோ, பெரும்பாலான வீடுகளில், அம்மாவின் நினைவிலும் பீரோவின் மேல் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரிலுமே தங்கிவிடுகிறது. தன் உடல்நலத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கும் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது அந்த விவரத்தைத் தம் கைக்கு வாங்கிக்கொள்வதுதான். நல்ல மருத்துவர், காப்பீடு எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், இரவு பத்தரை மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அழைத்தான். கடும் காய்ச்சல், தொண்டையில் சீழ். செவிலியர் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்க, அவனுக்குப் பதில் தெரியவில்லை. "நாலு வயசுல ஒரு ஊசி போட்டப்போ உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கிப்போச்சு" என்பது என் மனைவிக்கு நன்றாக நினைவிருந்தது. மருந்தின் பெயர்தான் நினைவில்லை. நாற்காலி போட்டு ஏறி மஞ்சள் கவரை இறக்கி, கட்டில் முழுவதும் சீட்டுகளைப் பரப்பித் தேடினோம். குழந்தை மருத்துவரின் பழைய சீட்டு ஒன்றின் ஓரத்தில், சிவப்பு மையில், 'பென்சிலின் கூடாது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். அதைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் வேறு மருந்து கொடுத்தார்கள். அந்த ஒரு சீட்டைக் கரையான் அரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மாலைப்பொழுது அம்மாவோடும் அப்பாவோடும் உட்கார்ந்து கேட்டு, ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வாத மருந்து எது, அப்போது உடம்பில் என்ன நிகழ்ந்தது, வலிப்பு, வீசிங், மஞ்சள் காமாலை, அம்மை வந்ததுண்டா, எந்த ஆண்டில் என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பவற்றை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதினால் போதும். இரத்த வகையை மட்டும் வாய்மொழியாக நம்பாமல் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தே எழுதுங்கள். தடுப்பூசி அட்டையில் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் முடிந்ததா என்பதையும், 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி விடுபட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். குடும்ப நோய்களைக் கேட்கும்போது நோயின் பெயரோடு, வந்த வயதையும் கேட்பது முக்கியம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பாகவோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்பாகவோ மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர் உங்கள் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

பழைய சீட்டுகளைப் படம் எடுத்து வைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், இ.சி.ஜி. போன்றவை அச்சாகும் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். உள்நோயாளியாக இருந்த சிகிச்சையின் ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

புதிய ஊரில், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு பொது மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தலைவலிக்கு நேரே நரம்பியல் நிபுணரிடமும் நெஞ்செரிச்சலுக்கு நேரே இதய நிபுணரிடமும் போவதைவிட, உங்களை முழுதாக அறிந்த ஒரு பொது மருத்துவரோ அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ போதுமான தொடக்கம். உள்ளே போகும்போது எந்த நாளில் தொடங்கியது, எது செய்தால் கூடுகிறது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். வெளியே வருமுன், இந்த மருந்து எதற்கு, எத்தனை நாள், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

மருந்துக்கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே விட்டுவிட வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் அறியாமலே அளவைத் தாண்டுகிறார்கள். டெங்கு பரவும் மழைக்காலத்தில் உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோபென் போன்றவற்றைத் தாமாகப் போட்டுக்கொள்வது இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடக்கூடும்.

பணத்துக்கு வழி என்ன என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வருவதானால், உங்கள் சம்பளத்தில் அதற்கான பிடித்தம் 0.75 சதவீதம்; அட்டையைக் கேட்டு வாங்கி, எந்த இஎஸ்ஐ மருந்தகத்தில் உங்கள் பதிவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரின் பாலிசியில் நீங்கள் எந்த வயதுவரை இருக்க முடியும் என்று பார்ப்பதும் அவசியம். பலவற்றில் 25 வயதோடு பெயர் நீங்கிவிடும். தனியாகப் பாலிசி எடுக்கும்போது வீசிங் இருந்ததை மறைக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். மறைத்ததால் இழப்பீடு மறுக்கப்பட்டால் செலுத்திய பிரீமியமும் வீண்.

18 வயது நிறைந்தவரின் சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அவரே. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது பெற்றோரை அவமதிப்பதாகாது; தகப்பனாக இதைச் சொல்கிறேன், நாங்களும் வெளியே உட்காரப் பழக வேண்டும். மனம் தாளாத நாட்களில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மனநலச் சிகிச்சையில் உங்கள் சார்பாக யார் பேச வேண்டும் என்பதை எழுத்தில் முன்கூட்டியே நியமிக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது.

அவசரத்துக்கு 108, உடல்நல ஆலோசனைக்கு 104. நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் இலவசத் தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் விவரம் பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதால், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, அழைக்க வேண்டிய இருவரின் எண் ஆகியவற்றைக் கைப்பேசியின் அவசரத் தகவல் பகுதியில் பதிந்து, பூட்டிய திரையிலேயே அது திறக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அந்த இருவரில் ஒருவராவது நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும்.