வீட்லயே கல்லுக்கு பாலிஷ் போடுறது எப்படி

நம்ம தஞ்சாவூர் பக்கம் வல்லம் படிகக்கல்லுன்னா அந்தக் காலத்துல மூக்குக்கண்ணாடியே செஞ்சிருக்காங்க, அதனால முதல் கல்லா ஒரு படிகத்துண்டையே எடுத்துக்கங்க, மோதிரத்துல வைக்கிற மாதிரி மேல குண்டா, அடி தட்டையா வெட்டுனதா இருந்தா பாதி வேலை மிச்சம்.

ஒரு பென்சில் நீள குச்சி நுனியில அரக்கை உருக்கி கல்லோட அடிப்பக்கத்தை ஒட்டுங்க. கல்லையும் மெதுவா சூடு பண்ணிக்கணும், திடீர்னு சூடு பட்டா படிகம் விரிசல் விட்ரும்.

அப்புறம் பெயிண்ட் கடை வாட்டர் பேப்பர், அதாவது தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். 220, 400, 600, 1000, 2000, இந்த வரிசையில, நம்பர் ஏற ஏற நைஸாகும். பழைய ரப்பர் செருப்பு மேல பேப்பரை விரிச்சு, தண்ணி விட்டுக்கிட்டே குச்சியை உருட்டி உருட்டி தேய்க்கணும், ஒரே இடத்துல அழுத்துனா அங்க தட்டையாயிரும். காய்ஞ்ச கல்லை மட்டும் தேய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஒவ்வொரு நம்பருக்கு நடுவுலயும் கல்லு, கை, குச்சி எல்லாத்தையும் கழுவுங்க, முந்தின பேப்பரோட சொரசொர பொடி ஒட்டியிருந்தா கல்லைக் கீறிரும். நான் கொல்லையில ஒரே வாளித் தண்ணியில எல்லாத்தையும் அலசிட்டு, கடைசியில பார்த்தா குறுக்க ஒரு கீறல், திரும்ப 400-லேர்ந்து ஆரம்பிச்சேன்! கல்லைத் துடைச்சு டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சா கீறல் நல்லா தெரியும்.

கடைசியா சீரியம் ஆக்சைடுங்கிற பாலிஷ் பவுடரை தண்ணியில குழைச்சு தோல் துண்டுல தடவி, டியூப்லைட் கல்லுல கோடா தெரியிற வரைக்கும் தேய்ங்க. குச்சியோட ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வச்சா அரக்கு தானா விட்ரும்.