பழைய வீடுகளின் அமானுஷ்ய அழகு: கோதிக் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டிடப் பாணியான கோதிக் என்றாலே இருட்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகே சான் தெனி மடத்தின் தலைவர் சூஜே, தன் பழைய தேவாலயத்தை மாற்றிக் கட்டியபோது தேடியது வெளிச்சத்தை. அதற்கு முந்தைய கட்டிடங்களில் கூரையின் பாரம் முழுவதையும் தடித்த சுவர்களே சுமந்தன. ஜன்னலைப் பெரிதாக்கினால் சுவர் தாங்காது. கூர்முனை வளைவுகளும் கூரையின் அடியில் ஓடும் கல் விலாக்களும் அந்தப் பாரத்தைத் திரட்டித் தூண்களுக்கு இறக்கின. அப்புறம் வந்த கட்டிடங்களில், பக்கவாட்டு அழுத்தத்தை வெளியே நிற்கும் தாங்குதூண்கள் வாங்கிக்கொண்டன. சுமை குறைந்ததும் சுவர் இருந்த இடத்துக்கு வண்ணக் கண்ணாடி வந்தது. 1144-இல் சூஜேயின் புதிய பகுதி அர்ப்பணிக்கப்பட்டது. நூறாண்டுக்குச் சற்றுப் பிறகு, 1248-இல் அர்ப்பணிக்கப்பட்ட பாரிஸின் சேன்த் ஷாப்பெல் ஆலயத்தின் மேல்தளத்தில் சுவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும், சுற்றிலும் கண்ணாடிதான்.

கல்லும் கறுப்பாக இருந்ததில்லை. பிரான்ஸின் அமியான் பேராலயத்தின் வாசல் சிற்பங்களுக்கு ஒரு காலத்தில் பளிச்சென்ற வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் கருமை, நிலக்கரிப் புகையும் காற்றின் மாசும் கல்லில் படிந்து உண்டானது. நம்மை மிரட்டும் அந்த நிறத்தில் பெரும்பங்கு தொழிற்சாலைக் காலத்துடையது. இது தெரிந்த பிறகும் அந்தக் கட்டிடத்தின் கம்பீரம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

நோட்ரடாம் பேராலயத்தின் பால்கனியிலிருந்து பாரிஸை முறைக்கும் கொம்பு வைத்த பூதங்களை இடைக்காலச் சிற்பங்கள் என்று எழுதுவது இன்னொரு தவறு. அவை 19-ஆம் நூற்றாண்டில் கட்டிடக் கலைஞர் வியொலே லெ டுக் தலைமையில் நடந்த புதுப்பிப்பின்போது சேர்க்கப்பட்டவை. வாய் வழியே மழைநீரைத் துப்பி, சுவரில் படாமல் தள்ளிவிடும் கல் உருவங்கள் வேறு. அவை வடிகால்கள்.

சரி, பயம் எப்போது உள்ளே வந்தது? இங்கிலாந்தில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1749-இல் தன் வீட்டை கோதிக் பாணியில் மாற்றத் தொடங்கினார். ஸ்ட்ராபெரி ஹில் என்ற அந்த வீட்டின் அலங்காரங்களில் கல்லை விடக் காகிதக் கூழும் மரமும்தான் அதிகம். அங்கே கண்ட ஒரு கனவிலிருந்து அவர் எழுதிய மர்ம நாவல் 1764-இல் வெளியானது. கோதிக் கட்டிடமும் திகில் கதையும் அதன் பிறகு பிரியவே இல்லை.

இதன் விளைவு, அச்சமூட்டும் எந்தப் பழைய வீட்டையும் கோதிக் என்று அழைத்துவிடும் பழக்கம். அமெரிக்கத் திகில் படங்களில் அடிக்கடி வரும், செங்குத்தாக இறங்கும் மான்சார்ட் கூரை கொண்ட வீடு, பிரான்ஸிலிருந்து வந்த செகண்ட் எம்பயர் பாணி. 1860, 70-களில் அது வசதி படைத்தவர்களின் நாகரிகம். மோஸ்தர் மாறியதும் பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் பலர் கைவிட்டார்கள். சில வீடுகள் வாடகை அறைகளாகச் சிதறின. பெயின்ட் உரிந்து பாழடைந்த நிலையில்தான் கார்ட்டூன்காரர்களும் சினிமாக்காரர்களும் அவற்றைக் கண்டெடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயின் வின்செஸ்டர் மாளிகையும் கோதிக் அல்ல, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய குவீன் ஆன் பாணி. அங்கே எங்கும் போகாத படிகளையும் கதவுகளையும் பேய்களைக் குழப்பக் கட்டியதாகக் கதை சொல்வார்கள். 1906 நிலநடுக்கத்தில் அதன் கோபுரம் இடிந்தது. சேதமான பகுதிகளை வீட்டின் உரிமையாளர் சாரா வின்செஸ்டர் திரும்பக் கட்டவில்லை. அந்தப் படிகளில் சிலவற்றுக்கு இதுவே போதுமான காரணம். தனியாக ஒரு வீட்டை விருப்பம்போல் வடிவமைத்த பெண்ணைப் பித்துப் பிடித்தவராக்கியது அந்தக் கதை. அதைத் திரும்பச் சொல்லாமலிருக்கலாம்.

பழைய வீட்டில் தோன்றும் அச்சத்தை 'பேய்' என்றோ 'வெறும் பிரமை' என்றோ ஒரே சொல்லில் முடிப்பதும் தவறு, சில சமயம் ஆபத்தும்கூட. 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைப் பதிவு செய்தார். அவர்களுக்கு வீட்டில் காலடிச் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன, தலைவலியும் சோர்வும் விடவில்லை. காரணம், பழுதான வெப்ப உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்ஸைடு. பழைய வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் தலை வலிக்கிறதென்றால், முதலில் வெளியே வந்துவிடுங்கள். உலையையும் புகைபோக்கியையும் சோதிக்காமல் திரும்பிப் போகாதீர்கள்.

இத்தகைய வீட்டை வாங்கியவர்கள் ஆசையோடு செய்யும் தவறு, சிமென்ட் பூசுவது. பழைய செங்கல் மென்மையானது. சுவர் குடிக்கும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக மெல்ல வெளியேறும். இடுக்குகளை சிமென்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பு பூத்து, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது சிரமம்தான், ஆனாலும் காத்திருங்கள். உள்ளே பழைய பெயின்ட்டையும் சோதனை செய்யாமல் சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.