பிரஸ் அட்டை: சுயாதீனப் பத்திரிகையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்படத்தைப் பதிவேற்றிப் பணத்தைக் கட்டினால் போதும், ‘பிரஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட அட்டை வீடு தேடி வந்துவிடும். நீங்கள் எடுத்த படம் ஒன்றையாவது, எழுதிய செய்தி ஒன்றையாவது அட்டையை விற்பவர்கள் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். நிறுவனத்தின் பின்பலம் இல்லாதவர்களைக் குறிவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

மதிப்புள்ள அட்டை எளிதில் கிடைக்காது. பிரான்சில் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானத்தின் பெரும்பகுதி இத்தொழிலிலிருந்தே வந்தாக வேண்டும். சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பின் அட்டையை அதன் உறுப்புச் சங்கங்கள் வழியாகவே பெற முடியும். பிரிட்டனின் தேசிய அட்டை உண்மையானதா என்று காவலர் தொலைபேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆகவே அட்டை வாங்குமுன், சந்தேகம் எழுந்தால் உங்களுக்காக மறுமுனையில் பேசப்போவது யார் என்று பாருங்கள்.

நல்ல அட்டை கிடைத்ததும் எல்லா வாசலும் திறந்துவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. அட்டை நீங்கள் யார் என்று மட்டுமே சொல்லும். உள்ளே விடுவது நிகழ்ச்சி நடத்துபவரின் விருப்பம். ஐக்கிய நாடுகள் சபை, உங்களை அனுப்புவதாகச் செய்தி நிறுவனம் தரும் கடிதத்தையும் கேட்கும். ஒலிம்பிக்கில் பத்திரிகையாளர்களுக்கான இடங்கள் அந்தந்த நாட்டு ஒலிம்பிக் குழு வழியாகப் பங்கிடப்படுகின்றன. கடைசி வாரத்தில் விண்ணப்பிக்கும் பேச்சே இல்லை.

பலர் அலட்சியம் செய்வது அந்தக் கடிதத்தைத்தான். என்னைக் கேட்டால், சுயாதீனமாக இயங்குபவருக்கு அட்டையைவிட அதுதான் பலம். நிறுவனத்தின் முகப்புத்தாளில் உங்கள் பெயர், நிகழ்ச்சி, தேதிகள், ஆசிரியரின் கையெழுத்து, அழைத்தால் எடுக்கும் ஓர் எண் ஆகியவை இருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு ஆசிரியரை எழுப்பிக் கேட்டால் கடிதமும் வராது, அடுத்த வேலையும் வராது! பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

புகைப்படக்காரர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. நிருபருக்கான பாஸை வாங்கிக்கொண்டு போனால், கேமராவோடு மைதானத்தின் ஓரத்தில் நிற்க விடமாட்டார்கள். அதற்கென்று தனி அனுமதி வேண்டும். இசை நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாடல்கள் வரைதான் மேடைக்கு முன்னால் நிற்கலாம், ஃபிளாஷ் கூடாது என்பது பரவலான வழக்கம். சில விண்ணப்பப் படிவங்களில், எடுத்த படங்களின் உரிமையையே ஏற்பாட்டாளருக்கு எழுதிக்கொடுக்கும் நிபந்தனை ஒளிந்திருக்கும். வாசலில் வரிசை நகரும் அவசரத்தில் அதில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரியை நீக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால், அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுவதே லாபம்.